பதினெட்டு அடி

கொட்டகைக்கும் கண்மாய்க்கும் நடுவில்
பதினெட்டு அடி தார்.
நாடா பிடித்து அளந்திருக்கிறேன்.
அந்தப் பதினெட்டு அடியில் மட்டும்
இந்த வண்டி வண்டியில்லை.

சாவியை அணைத்து
நியூட்ரலில் போட்டு
விருந்தாளியை இறக்கிவிட்டுத்
தள்ளுவேன்.
இருநூற்று எழுபது கிலோ.
மதியத்தில் தார் இளகிச் செருப்பைப் பிடித்து இழுக்கும்.
ஹெல்மெட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு
வந்தவர்கள் சிரிப்பார்கள்:
"ரெண்டு செகண்ட்ல தாண்டிரலாமேண்ணா."

சேர்ந்த புதிதில் நானும் தாண்டியவன்தான்.
பள்ளத்தூர்ப் பக்கமிருந்து வந்த ஏட்டு சகாயமேரி
ஸ்கூட்டியைக் குறுக்கே போட்டார்.
நம்பர்?
இல்லைம்மா.
இண்டிகேட்டர்?
இல்லை.
இன்சூரன்ஸ்?
மேனேஜரைக் கேக்கணும்.
பின்னால வர்றவனப் பாக்கக் கண்ணாடி?
கண்மாயில பின்னால யாரும் வர மாட்டாங்கம்மா.
அவர் சிரிக்கவில்லை.
எண் எழுதும் கட்டத்தில் பேனாவை வைத்து
வெகுநேரம் யோசித்தார்.
பிறகு ஒரு கோடு இழுத்தார்.
"ஏழு மணி டவுன் பஸ்ல அம்பது பேரு வர்றாங்க அடைக்கா.
அவங்களுக்கு நீ யாருன்னு தெரியணும்ல."

சட்டம் அது.
வண்டிக்கும் ஒரு நியாயம் இருக்கிறது,
அதைப் பிரித்துப் பூட்டியபோது கண்டுகொண்டேன்.
பின்சக்கரம் இரண்டும் ஒரே அச்சில் இறுகியவை.
திருப்பத்தில் ஒன்று வேகமாக, ஒன்று மெதுவாக
ஓட வேண்டும்; இவற்றுக்கு ஓடத் தெரியாது.
செம்மண்ணில் ஒன்று வழுக்கிக்கொடுக்கும்,
சண்டை தீரும்.
தார் வழுக்காது.
அங்கே ஒடித்தால்
ஆட்டுக்கிடாய் மாதிரித் துள்ளும்.

மாசி மாதம், ஒரு சனிக்கிழமை.
வங்கியில் பெரிய வேலை என்றார், பெயர் நினைவில்லை.
கையெழுத்துப் போட்ட தாளில்
"சாலையில் ஓட்ட மாட்டேன்" என்று இருந்தது,
படிக்காமல்தான் போட்டார்.
நான் இறங்கித் தள்ளச் சொல்வதற்குள்
இடதுபக்கம் ஒடித்து
டீக்கடைப் பக்கம் பறந்தார்.
கத்தினேன். ஹெல்மெட்டுக்குள் எது கேட்கும்?

ஊருணி வளைவில்
இராசாயி கொள்ளுச்செடியை விரித்திருந்தாள்,
பாதி ரோடு.
போகிற பஸ்ஸும் லாரியும் மிதித்துக் கொடுக்கும்,
கூலியில்லாத களம்.
வண்டி துள்ளியது.
அவர் ஒரு பக்கம், வண்டி ஒரு பக்கம்,
நடுவில் கொள்ளு மழை.

மணிக்கட்டு முறிவு. அவ்வளவுதான்.
அவ்வளவுதான் என்று சொல்ல
எனக்கு ஒரு வாரம் ஆனது.

சகாயமேரி வந்து
மைல்கல்லில் உட்கார்ந்து நோட்டைப் பிரித்தார்.
இராசாயி முந்திக்கொண்டாள்:
"அவுக வண்டி ரோட்டுக்கு ஆகாது, சரி.
எங்கொள்ளும் ஆகாதுன்னு எழுதிறாதீக தாயி."
ஏட்டம்மா அவளைப் பார்த்தார், கொள்ளைப் பார்த்தார்.
அன்றைக்கு அவர் என்ன எழுதினார் என்று
இதுவரை எனக்குத் தெரியாது.
எங்களுக்கு அபராதம் வந்தது.
இராசாயிக்கு வந்ததா என்று கேட்கவில்லை.

ராத்திரி கொட்டகையில்
டயர்க் கட்டைகளின் இடுக்கிலிருந்து
ஸ்க்ரூடிரைவரால் கொள்ளைக் கெல்லி எடுத்தேன்.
ஒரு பிடி தேறியது.
காலையில் கொண்டுபோய்க் கொடுத்தேன்.
கிரீஸ் வாடை அடிக்கிறதென்று
கோழிக்கு எறிந்தாள்.

அடுத்த வாரம் களம் இடம் மாறியிருந்தது.
எங்கள் கொட்டகைக்கு நேர் எதிரே
இராசாயியின் கொள்ளு, இரண்டு விரிப்பாக.
நடுவில் ஒரு சந்து.
இரண்டு பக்கமும் செம்புறாங்கல் வைத்திருந்தாள்.
வண்டியின் அகலத்தை
எப்போது அளந்தாளோ.

சாவியை அணைத்தேன்.
"இறங்குங்க சார்."
சந்துக்குள் தள்ளினேன்.
டவுன் பஸ் தூரத்தில் ஹாரன் அடித்து
எனக்காக மெதுவானது.